கனசதுரத்துக்குள் சாய்ந்த கனசதுரம்

ரூபிக் கனசதுரத்தின் வெளித்தோற்றம் வேறு, அதன் உள்ளியக்கம் வேறு என்று கண்டுகொண்டவர்கள் வளர்த்தெடுத்தது வடிவமாற்றுப் புதிர்க் கலை. அடுக்கடுக்காகத் திருப்பிக் கலைத்துப் பின் பழைய நிலைக்கு மீட்க வேண்டிய பொருள்கள் சுழற்புதிர்கள் எனப்படும். அவற்றுள் ஒன்றின் உள்ளமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மேலுருவை மட்டும் அறுத்தோ ஒட்டியோ வார்த்தோ வேறொன்றாக்குவது இக்கலையின் செயல்முறை. ஆக்கப்பட்ட பொருள் கூம்பாகலாம், பட்டகமாகலாம், உருண்டையாகலாம். கனசதுரமாகத் தொடங்கியது வேறு விதமாக வெட்டுண்ட மற்றொரு கனசதுரமாகவே முடிவதும் உண்டு. கடைசியாகச் சொன்ன அந்த வகையில்தான் இக்கலை தன் உச்சத்தைத் தொட்டிருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

புடாபெஸ்டில் வடிவமைப்புக் கல்வி கற்பித்துவந்த எர்னோ ரூபிக் 1974ஆம் ஆண்டு மரத்தில் செய்து பார்த்த கனசதுரம், 1977இல் ஹங்கேரியிலும் 1980இல் உலகச் சந்தையிலும் விற்பனைக்கு வந்தது. 27 சிறு கட்டைகளை அடுக்கி வைத்தது போல் தோன்றினாலும், அதன் நடுவில் கட்டை ஏதும் இல்லை. அங்கே இருப்பது ஆறு கைகள் கொண்ட ஓர் அச்சு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு நிறம் மட்டும் கொண்ட மையத் துண்டு ஒன்று பிணைக்கப்பட்டு, நின்ற இடத்திலேயே சுழல்கிறது. இரண்டு நிறங்கள் கொண்ட 12 விளிம்புத் துண்டுகள் தம் பாதங்களை மையத் துண்டுகளுக்கு அடியிலும், மூன்று நிறங்கள் கொண்ட 8 மூலைத் துண்டுகள் தம் பாதங்களை விளிம்புத் துண்டுகளுக்கு அடியிலும் செருகிக்கொண்டு நிற்கின்றன. மையம் விளிம்பைப் பிடிக்க, விளிம்பு மூலையைப் பிடிக்க, ஒன்றோடொன்று ஒட்டப்படாமலே அனைத்தும் சேர்ந்து நிற்கும் இந்த ஏற்பாட்டில் கண்ணுக்குத் தெரியும் சதுரங்களுக்கு எந்த வேலையும் இல்லை. வேலை செய்வன உள்ளே மறைந்திருக்கும் பாதங்களே.

வெளியுருவை மாற்றினாலும் இயக்கம் தடைபடாமல் இருப்பதற்கு வெட்டுத்தளங்கள் காரணம். ஓர் அடுக்கையும் அதை அடுத்த அடுக்கையும் பிரிக்கும் சமதளமே வெட்டுத்தளம். ரூபிக் கனசதுரத்தில் திசைக்கு இரண்டாக ஆறு வெட்டுத்தளங்கள் இருக்கின்றன. ஓர் அடுக்கு திரும்பும்போது அது தன் தளத்தின் ஒரு பக்கத்திலேயே இருந்துகொண்டு திரும்புவதால், அத்தளத்தைத் தாண்டாத எந்தத் துருத்தலும் அண்டை அடுக்கின்மீது இடிப்பதில்லை. ஆகவே ஒரு மூலைத் துண்டை யானைத் தந்தம் அளவுக்கு நீட்டினாலும், அது தன்னைச் சூழ்ந்த மூன்று தளங்களுக்கு அப்பால் உள்ள வெளிக்குள் அடங்கியிருக்குமாயின் புதிர் முன்போலவே திரும்பும். நீட்டுவதற்கு எல்லையே இல்லை என்று சொல்லிவிடலாம். குறைப்பதற்குத்தான் எல்லை உண்டு, ஏனெனில் அளவுக்கு மீறி அறுத்தால் உள்ளிருக்கும் பாதம் வெளிப்பட்டுத் துண்டு கழன்றுவிடும். தளத்தைத் தாண்டாதே, பாதத்தைத் தொடாதே என்னும் இரண்டு விதிகளுக்குள் நின்றுகொண்டு இக்கலைஞர்கள் செய்திருக்கும் அனைத்தையும் காணும்போது, இவ்வளவு குறைந்த இலக்கணத்தில் இவ்வளவு விரிந்த கற்பனைக்கு இடமளிக்கும் கைவினைகள் அரிது என்றே தோன்றுகிறது.

இத்துறையின் முன்னோடியாக மதிக்கப்படுபவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி ஃபிஷர். 1980களின் தொடக்கத்திலேயே இரண்டு கனசதுரங்களை உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல இணைத்துப் பார்த்த அவர், ஆலையில் வார்க்கப்பட்ட புதிர்களைக் கையால் அறுத்தும் பிளாஸ்டிக் தகடு ஒட்டியும் புதுப்புது உருவங்களுக்குக் கொண்டுவந்தார். அவர் பெயராலேயே ஃபிஷர் கனசதுரம் என வழங்கும் புதிர், இக்கலை எவ்வளவு சிறிய செயலால் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்க வல்லது என்பதற்குத் தலைசிறந்த சான்றாக இன்றளவும் நிற்கிறது. அதில் செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: வெட்டுத்தளங்களையும் அச்சையும் அசைக்காமல், வெளிக் கனசதுரத்தை மட்டும் நிமிர்ந்த அச்சைச் சுற்றி 45 பாகை திருப்பி வைத்தல்.

மேலிருந்து நோக்கினால், பழைய சதுரத்தின்மீது அதே அளவுள்ள புதிய சதுரம் குறுக்காக அமர்ந்து எண்முனை விண்மீன் ஒன்று உருவாகும். பழைய சதுரத்தின் நான்கு மூலைகள் புதியதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அவற்றை அறுத்தெடுக்க வேண்டும். புதியதன் நான்கு மூலைகள் பழையதற்கு வெளியே விழுவதால் அங்கே பொருள் சேர்க்க வேண்டும். அறுக்கும் முக்கோணமும் சேர்க்கும் முக்கோணமும் அளவில் ஒன்றே. வழக்கமான 57 மில்லிமீட்டர் கனசதுரத்தில் ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். பக்கத்துக்குப் பக்கம் சரியாக மூன்றாகப் பிரிந்திருந்த பழைய முகங்களுக்கு மாறாக, புதிய பக்க முகங்களில் நடுப்பட்டை பாதிக்கும் சற்று மேலாக அகன்று, இரு ஓரப் பட்டைகளும் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கி நிற்கின்றன. இந்தச் சமமின்மை கண்ணுக்கு ஓர் அழகைத் தருவதோடு, உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கிறது என்பதையும் அறிவித்துவிடுகிறது.

இடம் மாறியது எது என்று ஆராய்ந்தால், பெயர்கள் எல்லாமே தலைகீழாகியிருப்பது தெரியவரும். மேலடுக்கில் மூலை போல் கூர்மையாக நிற்பது உண்மையில் விளிம்புத் துண்டு. இரண்டு மூலைகளுக்கு நடுவே விளிம்பு போல் அகன்று கிடப்பதோ மூலைத் துண்டு. நடு அடுக்கில், இரண்டு நிறங்கள் சந்திக்கும் செங்குத்து முனையாக நிற்பது மையத் துண்டு. பக்க முகத்தின் நட்ட நடுவில் ஒற்றை நிறத்தோடு மையம் போல் அமர்ந்திருப்பது விளிம்புத் துண்டு. சாதாரணக் கனசதுரத்தை ஒரு நிமிடத்துக்குள் தீர்க்கப் பழகிய கை, இப்புதிரை எடுத்தவுடன் தயங்குவதற்குக் காரணம் கணக்குக் கடினமானது அல்ல. பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய கண் ஒவ்வொரு துண்டுக்கும் தவறான பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். இரண்டு திருப்பங்களுக்குள் அமைதியான பெட்டி வடிவம் கலைந்து, கூர்களும் பள்ளங்களுமாகச் சிலிர்த்துக்கொள்ளும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இது அது அல்ல, அது இது அல்ல என்று ஒவ்வொன்றாக இனங்கண்டு அடுக்கிக்கொண்டு போவது, பழகிய சொற்களுக்குப் புதுப்பொருள் தரும் நல்ல கவிதையை வாசிப்பதற்கு ஒப்பான இன்பம்.

எனினும் ஃபிஷர் கனசதுரத்தின் உண்மையான ஆழம் தோற்ற மயக்கத்தில் இல்லை. சாதாரணக் கனசதுரத்தில் மையத் துண்டு எப்பக்கம் திரும்பி நின்றாலும் அதன் ஒற்றை நிறம் மாறுவதில்லை. எனவே அதன் சுழற்சியை யாரும் காண்பதில்லை. ஃபிஷர் கனசதுரத்திலோ பக்க மையங்கள் நான்கும் இருநிற முனைகளாக நிற்பதால், அவை கால் சுற்றுத் திரும்பினாலும் அரைச் சுற்றுத் திரும்பினாலும் உடனே தெரிந்துவிடும். அதே வேளையில், நடு அடுக்கிலிருந்து வந்த நான்கு விளிம்புத் துண்டுகளும் ஒற்றை நிறமும் சமச்சீர் உருவும் பெற்றுவிட்டதால், அவை புரண்டு கிடந்தாலும் நேராகக் கிடந்தாலும் வேறுபாடு தெரியாது. பழைய கனசதுரம் மறைத்து வைத்திருந்த ஒன்றை இது வெளிப்படுத்துகிறது. அது வெளிப்படையாகச் சொன்ன ஒன்றை இது மறைத்துக்கொள்கிறது. சாதாரணக் கனசதுரத்துக்கு 43,252,003,274,489,856,000 நிலைகள் உண்டு என்பது பலரும் அறிந்தது. நான்கு மையங்களின் சுழற்சியைச் சேர்த்து, நான்கு விளிம்புகளின் புரட்டலைக் கழித்துக் கணக்கிட்டால், ஃபிஷர் கனசதுரத்தின் நிலைகள் அதைப்போல் சரியாக 32 மடங்காக வந்து நிற்கின்றன. ஒரு துண்டும் ஓர் அச்சும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. உருவைச் சற்றுச் சாய்த்த அளவிலேயே புதிரின் அளவு இத்தனை விரிந்துவிட்டது.

தீர்ப்பவருக்கு இந்த விரிவு இரண்டு வியப்புகளாக வந்து சேர்கிறது. முதலாவது, எல்லாம் முடிந்து கடைசி அடுக்கை நெருங்கும்போது ஒரே ஒரு விளிம்பு மட்டும் புரண்டு நிற்பது போன்ற காட்சி. சாதாரணக் கனசதுரத்தில் விளிம்புகள் எப்போதும் இரட்டை எண்ணிக்கையில்தான் புரள முடியும்; ஒற்றை விளிம்பு புரண்டிருந்தால் யாரோ துண்டைப் பிடுங்கித் தவறாகச் செருகியிருக்கிறார்கள் என்று பொருள். ஃபிஷர் கனசதுரத்தில் அவ்வாறு யாரும் செய்யாமலே, இரண்டு முறை தீர்த்தால் ஒரு முறை என்னும் கணக்கில் அக்காட்சி வந்து நிற்கும். விதி மீறப்படவில்லை, இணையாகப் புரண்ட மற்றொரு விளிம்பு, தன் புரட்டலைக் காட்டாத அந்த நான்கு துண்டுகளுள் ஒன்றாக நடு அடுக்கில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றைத் திருப்பங்களாலேயே வெளியே எடுத்து மறுபுறமாகத் திருப்பிச் சேர்த்துவிட்டு மேலடுக்கை மீண்டும் தீர்த்தால் குறை நீங்கிவிடும். இரண்டாவது வியப்பு, மையம் ஒன்று திசை மாறி நிற்பது. மையம் அரைச் சுற்றுத் தவறி நின்றால், அதை மேற்புறமாகப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க அடுக்கை வலஞ்சுழியாகவும், மேலடுக்கை வலஞ்சுழியாகவும், வலப்பக்க அடுக்கை இடஞ்சுழியாகவும், மேலடுக்கை மீண்டும் வலஞ்சுழியாகவும் திருப்பும் நான்கு திருப்பத் தொகுதியை ஐந்து முறை செய்தால், 20 திருப்பங்களின் முடிவில் மற்றவை அனைத்தும் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருக்க, அந்த ஒரு மையம் மட்டும் அரைச் சுற்றுச் சுழன்றிருக்கும். இச்சூத்திரம் சாதாரணக் கனசதுரத்திலும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அங்கே அது எதையுமே செய்யாதது போல் தோன்றும்.

உரு மாறும்போது புதிர் சுருங்குவதும் உண்டு. 2×2×2 கனசதுரத்தின் இயக்கத்தை நான்முகி வடிவத்துக்குள், அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட கூம்புக்குள் அடைத்தது பிரமார்ஃபிக்ஸ். அதன் எட்டுத் துண்டுகளில் நான்கு கூர்முனைகளாகவும், எஞ்சிய நான்கு முகங்களின் நடுவில் ஒற்றை நிற முக்கோணங்களாகவும் ஆகிவிடுவதால், பின்னவை எப்படித் திரும்பினாலும் தெரிவதில்லை. 3,674,160 ஆக இருந்த நிலைகள் 136,080 ஆக, அதாவது 27இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றன. ஊவே மெஃபெர்ட் வெளியிட்ட புகழ்பெற்ற பிரமிங்க்ஸும் இதே நான்முகிதான் என்றாலும், அதன் அச்சுகள் முனைகளின் வழியே செல்பவை. அது எவ்வளவு கலைத்தாலும் நான்முகியாகவே இருக்கும், பிரமார்ஃபிக்ஸோ முதல் திருப்பத்திலேயே உடைந்த பாறை போல் ஆகிவிடும். அருகருகே வைத்தால் உடன்பிறப்புகள் போல் காணப்படும் இவ்விரண்டுக்கும் எலும்பு முற்றிலும் வேறு.

நிறத்தை அறவே துறந்த புதிர்கள் தனி மரபாக வளர்ந்தன. ஜப்பானியரான ஹிதேதோஷி தாகேஜி 2006ஆம் ஆண்டு உருவாக்கி, பின்னர் கண்ணாடிக் கனசதுரம் என்னும் பெயரில் பரவிய புதிரில், 26 துண்டுகளும் ஒரே பளபளப்பு நிறம் கொண்டவை. அச்சு, பெட்டியின் நடுவிலிருந்து மூன்று திசைகளிலும் விலக்கி வைக்கப்பட்டிருப்பதால், ஆறு வெளி அடுக்குகளும் ஆறு வேறுபட்ட தடிப்புகள் பெறுகின்றன. ஆறு நிறங்கள் சொன்ன செய்தியை அந்த ஆறு தடிப்புகள் சொல்லிவிடுகின்றன. கலைந்த நிலையில் அது ஒரு நகரத்தின் கட்டடக் கூட்டம் போல் உயர்ந்தும் தாழ்ந்தும் காட்சியளிக்கும். விரல்களால் தடவிப் பார்த்தே, கண்ணை மூடிக்கொண்டு தீர்த்துவிடலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. ஃபிஷர் வடிவமைத்த பொற்கனசதுரமும் இம்மரபைச் சேர்ந்ததே. ஆனால் அது மூலைவழி அச்சுகள் நான்கைக் கொண்ட ஸ்க்யூப் என்னும் புதிரின் எலும்பின்மேல் கட்டப்பட்டது.

இவ்வரிசையின் எல்லைக்கோடாக ஆடம் கோவன் ஆக்கிய பேய்க் கனசதுரத்தைக் குறிப்பிட வேண்டும். மற்றவற்றில், தீர்ந்த நிலையில் அடுக்குகள் நேராக அமர்ந்திருக்கும். இதிலோ தீர்ந்த நிலையிலேயே அடுக்குகள் ஒன்றுக்கொன்று முறுகி நிற்கின்றன. முதலில் அவற்றை நேர்ப்படுத்தினால்தான் மற்றத் திசைகளில் திருப்ப முடியும், நேர்ப்படுத்தினாலோ உரு கோணிவிடும். ஆகையால் தீர்க்கும் போது கண்ணுக்குத் துணையாக ஒரு நேர்கோடு கூடக் கிடைப்பதில்லை. எந்தத் துண்டும் மற்றொன்றைப் போல் இல்லை. கடைசித் திருப்பம் முடியும்வரை, வழி சரிதானா என்று உறுதி செய்துகொள்ள எந்த அடையாளமும் இல்லை. இருபது முப்பது பொருந்தாத கோணங்கள் அந்தக் கடைசித் திருப்பத்தில் திடுமெனச் சேர்ந்து வழுவழுப்பான கனசதுரமாகும் கணம், சுழற்புதிர்கள் தரக்கூடிய அனுபவங்களில் ஈடற்றது.

இப்பொருள்களைக் கையால் ஆக்கும் முறை தனியாகப் போற்றத்தக்கது. சந்தையில் கிடைக்கும் புதிரின் துண்டுகள் உள்ளே கூடாக இருப்பதால், அறுக்கப் போகும் துண்டுகளை முதலில் நிரப்ப வேண்டும். இரண்டு பாகங்களைச் சம அளவில் பிசைந்தால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகும் எபாக்சி மாவு, தமிழ்நாட்டு வீடுகளில் குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீல் இனத்தைச் சேர்ந்தது. கைவினைஞர்களின் முதற்பொருள் அதுவே. நீட்ட வேண்டிய துண்டின்மேல் மாவை அப்பும்போது, அண்டைத் துண்டுகளில் வாசலினைத் தடவி வைத்துவிட்டால் மாவு அங்கே ஒட்டாது. அண்டைத் துண்டின் சுவரே அச்சாக நின்று புதிய பகுதிக்கு வெட்டுத்தளத்தைத் துல்லியமாக வகுத்துக் கொடுத்துவிடும். புதிரே தன்னை வார்க்கும் அச்சாகிவிடுவது இம்முறையின் பேரழகு. இறுகிய பிறகு அரத்தால் மட்டமாக்கி, சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி மென்மையானது வரை படிப்படியாக, இறுதியில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சிறு குழிகளைப் பட்டி வைத்து மூடி, வண்ணம் பூசியோ வினைல் தாளை வெட்டி ஒட்டியோ முடிப்பார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தீர்ந்த நிலையில் முகம் முகமாக விரலை ஓட்டும்போது படிக்கட்டு தட்டுப்படும். நல்ல கைவினையை அறிய வேண்டுமானால் நிறத்தைப் பார்க்காமல், இரு துண்டுகள் சந்திக்கும் கோட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரே வடிவத்தில் பல படிகள் வேண்டும்போது, சிலிகோன் ரப்பரில் அச்செடுத்து ரெசின் ஊற்றி வார்க்கும் முறை வழங்கியது. முப்பரிமாண அச்சு எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின், வடிவமைப்பாளர் கணினியில் வரைந்து அனுப்பினால் நைலான் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகக் கட்டிய துண்டுகள் வந்து சேர்ந்தன. வெள்ளையாக வரும் அவற்றைத் துணிச்சாயம் கலந்த கொதிநீரில் முக்கி நிறமேற்றினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஓஸ்கர் வான் தெவெந்தர் 2011இல் காட்சிக்கு வைத்த 17×17×17 கனசதுரம் இவ்வழியில் பிறந்ததே. அது பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. என்றாலும் அடுக்குகளைப் பெருக்குவது அளவை வளர்க்கிறதே அன்றி, ஃபிஷரின் 45 பாகை போலப் புதிய கேள்வி எதையும் எழுப்புவதில்லை. பொம்மைத் தலைகளையும் விலங்கு முகங்களையும் 2×2×2 இயக்கத்தின்மேல் மாட்டி விற்கும் புதிர்களுக்கும் இதே குறை உண்டு: அவற்றின் உரு, உள்ளே இருக்கும் இயக்கத்தோடு பேசுவதே இல்லை. எந்த உருவை மாட்டியிருந்தாலும் தீர்ப்பவரின் சிந்தனை மாறியிராது எனில், அது வடிவமாற்றம் அன்று, உறை மாற்றமே.

இக்கலைக்கு விரைவுப் போட்டிகளில் இடமில்லை. உலகக் கியூப் சங்கத்தின் போட்டிப் பட்டியலில் பிரமிங்க்ஸும் ஸ்க்யூபும் இருக்கின்றன. ஃபிஷர் கனசதுரமோ கண்ணாடிக் கனசதுரமோ பேய்க் கனசதுரமோ இல்லை. நொடிகளை எண்ணுவதற்கு ஏற்ற பொருள்கள் அல்ல இவை. கூர்களும் பள்ளங்களும் விரலைத் தடுக்கும், கண் தயங்கும், கை பின்வாங்கும். அந்தத் தயக்கத்துக்காகவே இவை செய்யப்பட்டன.

ஒரு காலத்தில் சிலர் கையில் மட்டுமே இருந்த ஃபிஷர் கனசதுரம் இன்று சீன ஆலைகளில் வார்க்கப்பட்டுக் குறைந்த விலைக்கு எங்கும் கிடைக்கிறது. சாதாரணக் கனசதுரத்தைத் தீர்க்கத் தெரிந்தவர் யாராயினும் அடுத்ததாக அதை வாங்கலாம். வாங்குபவர் செய்ய வேண்டியது ஒன்றே: கடைசி அடுக்கில் ஒற்றை விளிம்பு புரண்டு நிற்கும் நாள் வரும்வரை எந்த வழிகாட்டியையும் திறக்காமல், அது வந்து நின்றபின், ஒளிந்திருக்கும் அதன் இணையைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.